மகள் கேட்ட ஒரே கேள்வி

கால்பந்தில் மகள் புலி. இரண்டு கிளப்புகள் அவளைப் போட்டி போட்டுக்கொண்டு கூப்பிட்டன.

"பெரிய கிளப்தான்! அங்க ஆடினாதான் மேல போக முடியும்," என்றார் அப்பா. தொண்டை கட்டியிருந்ததால் பாதி வார்த்தை காற்றாக வந்தது.

"கொஞ்ச நேரம் பேசாம வாங்களேன்," என்று அம்மா வெந்நீர் பாட்டிலை நீட்டினாள்.

பெரிய கிளப்பில் பச்சைப்பசேல் என்று புல்தரை. மகள் பயிற்சியாளரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பாக்க வர்றவங்க எங்க சார் உக்காருவாங்க?"

"மைதானத்து எல்லைக்கோட்டை ஒட்டியே நாற்காலி போட்டுருவோம்மா."

"பாத்தியா, இப்பவே ரசிகர்களைப் பத்தி யோசிக்கிறா!" அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்தது சின்ன கிளப். பாதி புல், பாதி மண். கோல் வலையில் ஓட்டை. அங்கிருந்த பயிற்சியாளர் அக்காவிடமும் அதே கேள்வி.

"பெத்தவங்க யாரும் உள்ள வரக் கூடாது. அதோ, கார் நிறுத்துற இடத்துலதான் இருக்கணும். அது எங்க வழக்கம்."

"நான் இங்கயே சேந்துக்கறேன் அக்கா!"

அப்பா பதறினார். "உனக்கென்ன பைத்தியமா? அதை விட்டுட்டு இதுலயா?"

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து மேட்ச்ல, 'லெஃப்ட்ல போ, லெஃப்ட்ல போ'ன்னு முழு நேரமும் கத்தினீங்கல்லப்பா? அதைக் கேட்டு எதிர் டீம் மொத்தமும் எனக்கு முன்னாடியே லெஃப்ட்ல போய் நின்னுடுச்சு."

பதில் சொல்ல அப்பா வாயைத் திறந்தார். குரல்தான் வரவில்லை.