மறைக்காத முந்நூறு

அந்தப் புரதப் படிகத்தின் மீது எக்ஸ்ரே பாய்ச்சியதில் ஆறாயிரம் புள்ளிகளே கிடைத்தன. விதிப்படி அவற்றில் முந்நூற்றை மறைத்துவைத்து, மீதியைக் கொண்டு புரதத்தின் வடிவ மாதிரியைக் கட்ட வேண்டும். மறைத்தவைதான் பிறகு அதைச் சோதிக்கும். ஆய்வாளர் பூங்கோதைக்கு அந்த முந்நூற்றை இழக்க மனம் வரவில்லை. அவற்றையும் சேர்த்துக் கட்டிவிட்டு, அவற்றாலேயே சோதித்ததாக எழுதினாள். எல்லாம் அழகாகப் பொருந்தியது.

அந்த மாதிரியை நம்பி, பக்கத்து ஆய்வகத்துச் சாகுல் ஓராண்டாக மருந்து மூலக்கூறுகள் செய்தான். ஒன்றுகூடப் புரதத்தில் ஒட்டவில்லை.

“என் கைதான் சரியில்ல மேடம். உங்க மாடல் சோதிச்சதாச்சே,” என்றான், குடுவையைக் கழுவியபடி.

“இல்ல சாகுல், நான் சோதிக்கல.”

தண்ணீர்ச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. குழாயை மூடிவிட்டுத் திரும்பினான்.

“என்ன சொன்னீங்க மேடம்?”

இரண்டாம் முறை சொல்வது முதல்முறையைவிடக் கடினமாக இருந்தது. சொன்னாள்.