தானாக அணையும் ஃப்ரையர்

"தானா ஆஃப் ஆயிடுது," என்றான் சீனு. "கொஞ்ச நேரம் கழிச்சு தானா வருது. இன்னிக்கு ரொம்ப மோசம். ஒரு டிரே உருப்படியா எடுக்க முடியல."

கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் ரோட்டில் அவனுடைய சிக்கன் கடை. ஞாயிற்றுக்கிழமை மதியம். சர்ச் முடிந்து வந்த குடும்பங்கள் குழந்தைகளோடு கல்லாவரை நெருக்கிக்கொண்டு நின்றன.

மெக்கானிக் கிருபாகரன் சாப்பாட்டில் கை வைத்திருந்தபோது சீனு செல்லில் கூப்பிட்டிருந்தான். இவன் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் வண்டியை எடுத்து வந்திருந்தான்.

ஃப்ரையர் பக்கத்தில் சாராள் நின்றாள். சிக்கன் பொரிப்பது அவள் வேலை. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். பார்வை மட்டும் எண்ணெயை விட்டு நகரவில்லை.

கிருபாகரன் குமிழை நூற்றெண்பது டிகிரியில் வைத்தான். தெர்மாமீட்டரை எண்ணெயில் இறக்கினான்.

நூற்றெண்பது வந்தது. ஹீட்டர் ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு அணைந்திருக்க வேண்டும். அணையவில்லை.

சூடு ஏறிக்கொண்டே போனது. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தது. அது கைவிட்டால் மிச்சம் இருப்பது கட்-ஆஃப் ஒன்றுதான். சூடு எல்லை மீறினால் கரண்டைத் துண்டிக்கும் சின்ன சுவிட்ச்.

எண்ணெய் மேல் புகை சுற்றியது. பிறகு தடித்தது. பிளக்கைப் பிடுங்க அவன் திரும்புவதற்குள் விளக்கு அணைந்தது.

"பாத்தியா?" என்றான் சீனு. "அந்தக் கட்-ஆஃபுதான் பேஜாரு பண்ணிகினு கீது. அத்த எடுத்துட்டு டைரக்டா குடுத்துடு. ஜனம் நின்னுகினு கீது பாரு."

கிருபாகரன் பக்கத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்தான். பார்த்தான். மறுபடியும் பார்த்தான்.

"இன்னா?"

"ஆஃப் ஆவலன்னா இந்நேரம் கடையே பத்திகினு இருக்கும்ணா. இத்தோட ஓட்டாதீங்க."

சீனு முணுமுணுத்தான். வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றான். முன்னால் யாரோ டோக்கனை ஆட்டிக் கத்த, கல்லாவுக்கு ஓடினான்.

கிருபாகரன் தகட்டை மூடவில்லை.

உள்ளே கட்-ஆஃபின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயர் இணைத்திருந்தது. முன்பு வந்த எவனோ ஏற்கெனவே டைரக்டாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். வயரில் எண்ணெய்ப் பிசுக்கு கருத்துப்போய் இறுகியிருந்தது.

இந்த மெஷினால் தானாக அணையவே முடியாது.

அவன் நிமிர்ந்தான். சாராளுக்குப் பின்னால் சுவரில் ஃப்ரையருக்கான மெயின் சுவிட்ச் இருந்தது. அதை அணைத்த கையை அவள் இன்னும் எடுக்கவில்லை.

"ஏம்மா, அவராண்ட சொல்லலாமில்ல?"

"சொன்னேன். பயமா இருந்தா வேலைக்கு வராதன்னாரு." அவள் குரல் வெளியே கேட்காதபடி தாழ்ந்திருந்தது. "நாளைலேர்ந்து நான் வரலண்ணா. ஊரப்பாக்கத்துல வேற வேல கெடச்சிருக்கு. என் எடத்துல பிரபாவதின்னு ஒரு பொண்ணு நிக்கப்போவுது. அதுக்கு ஒண்ணும் தெரியாது. அதான் இன்னிக்கு அவரு உங்களக் கூப்புடற வரைக்கும் அணைச்சு அணைச்சு..."

முடிக்கவில்லை. கையை எடுத்து ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

கிருபாகரன் பிளக்கைப் பிடுங்கினான். தெர்மோஸ்டாட்டையும் அந்த வயர்த் துண்டையும் கழற்றினான். பிறகு கட்டிங் பிளேயரை எடுத்து, மெஷினை ஒட்டினாற்போல் கேபிளை நறுக்கினான். எல்லாவற்றையும் சுருட்டிப் பைக்குள் போட்டான்.

கல்லாவிலிருந்து சீனு குரல் கொடுத்தான். "இன்னா, முடிஞ்சிதா?"

"முடிஞ்சிதுண்ணா," என்றான் கிருபாகரன்.