மிச்சமான இரண்டு சீட்டுகள்

வாசலில் ஏதோ கல்லின் மேல் இழுபடும் சத்தம். கரகரவென்று வந்தது, நின்றது, மறுபடி வந்தது.

எனோரா தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டுத் தொட்டிலை ஒட்டி நின்றுகொண்டாள். லெஸ்தியென் அம்மையார் மயிரிழையில் ஜெயித்து ஜனாதிபதி ஆகிவிட்டதாக எட்டு மணிச் செய்தியிலேயே சொல்லிவிட்டார்கள். தோற்றுப்போன மார்சக்கின் ஆட்கள் துறைமுகத்து மதுக்கடையில் இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள். போன வாரம் இதே வாசலில்தான் யாரோ மீன் தலைகளைக் கொட்டிவிட்டுப் போனார்கள்.

அவள் கணவன் இத்ரிஸ் மொராக்கோவில் பிறந்தவன். 'பிரான்ஸில் பிறக்காதவன் மூட்டை கட்டட்டும்' என்பது மார்சக்கின் மேடைப் பேச்சு.

இத்ரிஸ் மீன் குளிர்கிடங்கில் இரவு வேலைக்குப் போயிருந்தான். கதவில் தாழ்ப்பாள் இருந்தது, ஆனால் விழாது. மழைக்கு உப்பிய கதவு. தோளால் முட்டித் தூக்கினால்தான் விழும். அந்த வித்தை அவள் அண்ணன் எர்வேக்கு மட்டும்தான் தெரியும்.

கிறிஸ்துமஸ் விருந்தில் மார்சக்குக்காக இத்ரிஸோடு சண்டை போட்டுவிட்டு, பாதித் தட்டில் எழுந்து போனவன் எர்வே. அதற்கப்புறம் இந்தப் படி ஏறவில்லை. அவன் உட்காரும் நாற்காலியைத்தான் ராத்திரிகளில் அவள் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைக்கிறாள்.

அவனிடமிருந்து ஒரே ஒரு தடவை போன் வந்தது. மீன்பிடிப் படகிலிருந்து. பின்னால் ஒரே சிரிப்பும் கும்மாளமும்.

"ஞாயித்துக்கிழமை கரைக்கு வர இருட்டிடும். ஊர்ல இல்லாதவன் ஓட்டை வேற ஆள் போடலாமே, என் ஓட்டை நீ போடுறதா காவல் நிலையத்துல அப்பவே எழுதிக் குடுத்துட்டேன்."

"யாருக்குப் போடணும்?"

"இதென்ன கேள்வி? மார்சக்குக்கு."

பின்னால் கைதட்டினார்கள். சாப்பிட்டியா அண்ணா என்று அவள் வாயெடுப்பதற்குள் போனை வைத்துவிட்டான்.

இன்று காலை இத்ரிஸ் மெல்ல ஆரம்பித்தான்.

"திரையை இழுத்துட்டா உள்ள நீயும் சீட்டும்தான். உங்கண்ணன் வந்து எட்டிப் பாக்கப் போறாரா?"

"அது அவனோட ஓட்டு."

"பாப்பாவோட அப்பனை மூட்டை கட்டச் சொல்ற ஓட்டு."

"எனக்கு மட்டும் பயம் இல்லையா? ஆனா எல்லாரையும் ஒண்ணா உக்கார வைக்கறேன்னு சொல்ற லெஸ்தியென் அம்மாவுக்கு, கூடப்பிறந்தவனை ஏமாத்தியா ஓட்டுப் போடுறது?"

இத்ரிஸ் குழந்தைக்குத் தொப்பியை மாட்டிவிட்டான்.

வாக்குச்சாவடித் திரைக்குள் நுழைந்தாள். தனக்கு லெஸ்தியென். சிலுவை போட்டுக்கொண்டு, அண்ணனுக்கு மார்சக்.

அண்ணனின் உறையை அவள் பெட்டியில் போட்டதும் அதிகாரி வழக்கம்போல் உரக்கக் கூவினார்: "எர்வே லெ கோஃப், வாக்களித்தார்."

அந்தப் பெயரை வாய்விட்டு யாராவது சொல்லிக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. கூடத்தை விட்டு வெளியே வந்தும் காதிலேயே நின்றது.

இப்போது அந்தக் கரகரப்பு கதவடியில் வந்து ஓய்ந்தது. கதவு இடுக்கு விட, முட்டுக் கொடுத்த நாற்காலி அசைந்தது.

"யாரது?" என்றாள்.

"நாந்தான். என் நாற்காலியா இது? கதவுக்கு முட்டுக் குடுக்கத்தானா ஆச்சு?"

எர்வே. கடல் பூட்ஸ், மூன்று நாள் தாடி, காலடியில் இழுத்து வந்த இறால் பெட்டி. நாற்காலியை நகர்த்திக் கதவைத் திறந்தாள். அவன் படியிலேயே நின்றான். கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிடலாம் போலிருந்தது. துணிவு வரவில்லை.

"உன் லெஸ்தியென் அம்மா ஜெயிச்சாச்சு போல."

"ஆமா."

"என் ஓட்டு?"

தோற்ற கோபத்தில் கணக்குக் கேட்க வந்திருக்கிறான்.

"போட்டுட்டேன்."

"மிச்சச் சீட்டைக் காட்டு."

ஓட்டுப் போடப் போனால் இரண்டு வேட்பாளர் பெயர்ச் சீட்டையும் எடுத்துக்கொள்ள வேண்டும். வேண்டியதை உறைக்குள் போட்டுவிட்டு, மற்றதைக் கோட்டுப் பைக்குள் கசக்கிக்கொண்டு வருவது ஊர்ப் பழக்கம். எனோரா தன் கோட்டுப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். ஒன்றில் மார்சக். இன்னொன்றில் லெஸ்தியென்.

அவன் விளக்கடியில் பிடித்து, புரட்டிப் புரட்டிப் பார்த்தான். முகம் தொங்கிப்போயிற்று.

"எனக்கு லெஸ்தியென், உனக்கு மார்சக். அதான் மிச்சமும் ஒண்ணொண்ணு," என்றாள் அவசரமாக. "நான் உன்னை ஏமாத்தலண்ணா."

"ஏமாத்தலையா?"

"பாப்பா மேல சத்தியமா இல்ல."

எர்வே இறால் பெட்டியின் மேல் தொப்பென்று உட்கார்ந்தான்.

"அசடு. படகுல அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கிட்டு நிக்கறான். நான் வேற யார் பேரைச் சொல்ல முடியும்? மார்சக்குக்குப் போடணும்னா இந்த ஊர்ல எனக்கு ஆளா கிடைக்காது? எதிர்வீட்டுக்காரன்கிட்ட குடுத்திருந்தா குதிச்சுக்கிட்டுப் போயிப் போட்டிருப்பானே."

"அப்போ எதுக்கு என்கிட்ட..."

"நீ ஏமாத்துவேன்னு நம்பித்தாண்டி குடுத்தேன்."

தொட்டிலில் குழந்தை சிணுங்கியது. எனோரா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், மேசையருகே அதன் பழைய இடத்தில் போட்டாள்.

எர்வே பெட்டியை உள்ளே இழுத்தான். கதவைச் சாத்தி, தோளால் முட்டித் தூக்கி, தாழ்ப்பாளைத் தள்ளினான். உள்பக்கத்திலிருந்து.