இன்னும் பிரியலையா?

மகன் காலையிலிருந்து மூன்றாவது முறையாகப் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தான். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவின் காதில் ஒவ்வொரு சொல்லும் விழுந்தது.

"இன்னும் பிரியலையா மேடம்? நேத்து ரெண்டும் நடுவுக்கு வந்தாச்சு, இன்னைக்குப் பிரிஞ்சிடும்னீங்களே? இப்படி இழுத்துக்கிட்டே போனா எப்படி? நாங்க ரெண்டு பேரும் ஓஞ்சு போயிட்டோம்."

வக்கீல்தான் என்று அவள் முடிவுகட்டினாள். ஒரு வருடமாகவே மகனும் மருமகளும் முகம்கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. எல்லாம் தன்னால்தான். பேரப்பிள்ளை எப்போது என்று ஓயாமல் அரித்த வாய்.

நாலு புடவையைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு மருமகளின் கட்டிலருகே போய் நின்றாள்.

"நான் என் தங்கச்சி வீட்டோட போயிடுறேன்மா. நீங்க மட்டும் பிரிஞ்சிடாதீங்க."

மருமகள் புரியாமல் விழித்தாள். அதற்குள் மகன் ஓடிவந்தான்.

"பிரிஞ்சிடுச்சு! ஒன்னு ரெண்டாச்சு. நாளைக்கு நாலாகணுமாம். லேப்ல சொல்லிட்டாங்க."

அம்மா பெட்டியும் கையுமாக நின்றாள்.

"கரு, அத்தை," என்றாள் மருமகள், சுவரைப் பார்த்தபடி. "எங்க ரெண்டு பேர் அணுவும் நேத்து நடுவுல சேர்ந்து, லேப்ல கண்ணாடித் தட்டுல வளருது. இதுக்கு முன்னாடி மூணு, பிரியாமலே செத்துப்போச்சு. அதான் உங்ககிட்ட சொல்லல."

அம்மா பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

"நல்லாப் பிரியட்டும்," என்று சொல்லிவிட்டு, மிச்சப் பாத்திரத்தைத் தேய்க்கப் போனாள்.