இரைப்பைக்குப் போகும் கிளை

சிகாகோ மருத்துவமனையில், கல்லீரல் புற்றுக்குக் நுண்ணிய கதிர்வீச்சு மணிகளை ரத்தக்குழாய் வழியே செலுத்துவதற்கு முந்தைய ஒத்திகை. டாக்டர் ரெனாட்டா திரையில் ரத்தக்குழாய்களை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

“அந்தப் பொடிக் கிளை இரைப்பைக்குப் போகுது பாரு. மணி அதுல நழுவுனா வயிறே புண்ணாயிடும். அடைச்சிடு!” என்று பதறினார் தலைமை மருத்துவர் விட்கோம்ப்.

“முன்னாடி இதே சிகிச்சைக்கு வந்த மிசஸ் டுடெக்குக்கும் இதே கிளைதானே, டாக்டர்? ‘இத்துனூண்டு குழாய், நேரத்தை வீணாக்காதே’ன்னு நீங்கதான் அடைக்கவிடாமத் தடுத்தீங்க. அந்தம்மா இன்னமும் ரத்த வாந்தி எடுக்கறாங்க.”

“அதுவும் இதுவும் ஒண்ணா?”

ரெனாட்டா மெல்லிய குழாய் வழியே கம்பிச்சுருளை நுழைத்து, அந்தக் கிளையைக் கச்சிதமாக அடைத்தாள்.

“நல்லா அடைச்சியா? இன்னொரு தடவை பாரு!”

“அடைச்சாச்சு. அசையாமப் படுங்க, டாக்டர். குழாய் இன்னும் உங்க தொடைக்குள்ளதான் இருக்கு.”