கடலில் இருக்கிறவர்களுக்காக

கருங்கல் பக்கம் கன்னியர் நடத்தும் பெண்பிள்ளைகள் இல்லத்தில் அந்தி ஜெபமாலை நடக்கிறது. கரண்ட் இல்லை. முப்பது மடிகளில் இருட்டில் ஒளிரும் பிளாஸ்டிக் மணிகள் வெளிர்பச்சையாக மினுங்குகின்றன. சமையலறையிலிருந்து பயறு வேகிற வாசம் வருகிறது. ஜெபமாலையின், பத்து மணிகள் கொண்ட ஐந்து பத்துகளில் ஒவ்வொன்றும் யாருக்காக என்று சிஸ்டர் சொல்ல, பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பெயர்களைச் சொல்ல வேண்டும். இரண்டாம் பத்து கடலில் இருக்கிறவர்களுக்காக. புயலன்று கடலுக்குப் போய்த் திரும்பாத அப்பாவின் பெயரை மூன்று வருடமாக ஷெர்லின் சொல்வது இதில்தான். இன்று அவள் வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்த அம்மாவின் கழுத்தில் தாலி இல்லாததை அவள் மட்டும் கவனித்திருந்தாள். சிஸ்டர் சற்றுக் காத்துவிட்டுத் தொடர்கிறார்.

ஐந்தாம் பத்து இறந்தவர்களுக்காக. “எங்க அப்பா சிலுவைதாசன்” என்கிறாள் ஷெர்லின், பாடம் ஒப்பிக்கிற குரலில். ஓட்டின்மேல் தென்னோலை உரசுவது கேட்கிறது. ஒன்றாம் வகுப்பு படிக்கும் தங்கை அஜிஷா அவள் பாவாடையைப் பிடித்து இழுக்கிறாள்.

“அக்கா, மறந்துட்டியா? அப்பாக்கு ரெண்டாவதுலல்லா சொல்லணும். இது செத்தவங்களுக்கு உள்ளதுல்லா.”

ஷெர்லின் திரும்பிப் பார்க்கவில்லை. தங்கையின் கட்டைவிரலைத் தேடிப் பிடித்து ஐந்தாம் பத்தின் முதல் மணியில் வைக்கிறாள். விரலுக்கடியில் அந்தப் பச்சை வெளிச்சம் மறைகிறது.

“சொல்லு மக்கா.”