நீலத்தில் ஒரு வீடு

தொழிற்பேட்டைச் சுவரை ஒட்டிய தகரக் கூரை வீட்டுக்குள் அருள்மொழி குனிந்து நுழைகிறாள். அவள் கையிலுள்ள டேப்லெட்டில் செயற்கைக்கோள் எடுத்த அம்பத்தூரின் வெப்பப் படம். சுற்றியுள்ள மாடி வீடுகளெல்லாம் சிவந்து கிடக்க, இந்த ஒரு வரிசை மட்டும் நீலம். இங்கே மட்டும் எப்படி இவ்வளவு குளிர்ச்சி என்று நேரில் பார்க்கத்தான் மாநகராட்சியிலிருந்து வந்திருக்கிறாள். உள்ளே கால் வைத்ததுமே உச்சந்தலை காந்துகிறது. புத்தம்புதுத் தகரம். கண்ணாடி போலப் பளபளத்து, தன் சூட்டைக் காட்டாமல், மேலே இருக்கும் குளிர்ந்த வானத்தையே செயற்கைக்கோளுக்குத் திருப்பிக் காட்டியிருக்கிறது. ஆணித் துளை வழியே இறங்கும் வெயில் தண்ணீர்க் குடத்தின் மேல் ஊசியாய் நிற்கிறது. இரவு வேலை முடித்து வந்தும் தூக்கம் பிடிக்காமல் புரளும் புருஷனின் மார்பில் ஈரத் துண்டைப் பரப்பிவிட்டு, கன்னியம்மாள் நிமிர்கிறாள்.

“சூடு கொறைய கூரைக்கு வெள்ளைப் பெயிண்ட் அட்ச்சித் தருவாங்கன்னு சொன்னாங்களே, எப்பமா வருவாங்க? தூக்கம் இல்லாம போய் மிஷின்ல கைய உட்டுடப் போறாருன்னு பயமா கீது.”

“படத்துல செவப்பா இருக்குற வீடுங்களுக்கு மட்டும்தான்க்கா. போன வாரமே முடிவாயிடுச்சு.”

கன்னியம்மாள் திரையை எட்டிப் பார்க்கிறாள். “எங்க ஊடு நீலமா கீதே. நீலம்னா இன்னா?”

“குளிர்ச்சியா இருக்குன்னு அர்த்தம்.”

கன்னியம்மாள் கூரையைப் பார்க்கிறாள். பிறகு புருஷனின் மார்பிலிருந்து துண்டை எடுத்து அருள்மொழியின் கையில் வைக்கிறாள். அதற்குள் ஓரமெல்லாம் காய்ந்து விறைத்திருக்கிறது.